வலது காலுக்கு மட்டும் வேலை

பியானோ முன்னால் உட்கார்ந்ததும் எட்டக்கா வலது கால் செருப்பை மட்டும் கழற்றுகிறார். இடது பாதத்தால் வாரைத் தள்ளி, குனியாமலே, செருப்பைப் பியானோவின் அடியில் நகர்த்தி வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்கிறார். இடது கால் செருப்பு காலிலேயே இருக்கிறது. கீழே பெடலை மிதிப்பது வலது கால்தான். அழுத்தினால் ஒலி நீளும், எடுத்தால் அறுந்துவிடும். எங்கே எடுப்பது என்பது செருப்புத் தோலுக்குத் தெரியாது, பாதத்துக்குத்தான் தெரியும் என்பது அவருடைய கட்சி. புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையின் அம்மா காரணம் கேட்டபோது, "இடது காலுக்கு என்னங்க வேல? சும்மா ஒக்காந்து சம்பளம் வாங்குது. அதுக்கு எதுக்கு இந்த மரியாதையெல்லாம்?" என்றார்.

'டக்' என்று தரையில் ஒரு தட்டு. அவர் வாசிக்கும் மேற்கத்திய நடனப் பள்ளியின் மாஸ்டர் கையில் தடி வைத்திருக்கிறார். நடக்க அல்ல, தட்ட. "அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு" என்று அவர் எண்ணி முடிக்கும்போது பியானோ தொடங்கியிருக்க வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் மரக்கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள். முட்டி மடக்க எட்டு, நிமிர எட்டு, கால் நீட்ட எட்டு, குதிக்க எட்டு. காலையிலிருந்து விளக்குப் போடும் வரை எட்டெட்டாக வாசித்துத் தள்ளுகிறார். இன்னொரு 'டக்' கேட்டால் யாருக்கோ கால் பிசகிவிட்டது என்று பொருள். நிறுத்த வேண்டும். நிறுத்தியதும், யாரும் சொல்லாமலே, முதலிலிருந்து. அதை அவர் யோசித்துச் செய்வதில்லை. கொட்டாவி மாதிரி அது தானாக வருகிறது. வீட்டில் கணவர் சுவரில் ஆணி அடித்தபோது, சாப்பாட்டு மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த தன் விரல்கள் முதல் வரிக்கு ஓடிப்போனதை அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

பிள்ளைகள் வைத்த பெயர் எட்டக்கா. அது வகுப்பைத் தாண்டி வெளியிலும் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேன் போடுபவர்கூட, "எட்டக்கா, கதவத் தொறங்க, தோளு கழண்டுரும்" என்று குரல் கொடுக்கிறார்.

பியானோ கிடப்பது கூடத்தின் மூலையில், மின்பெட்டிக்கும் சொட்டும் ஏசிக்கு வைத்த வாளிக்கும் நடுவில். உட்கார்ந்தால் எதிரே தூண். தூணுக்கும் பியானோவுக்கும் இடையிலுள்ள சந்தில் பிள்ளைகளின் முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரியும். பதினெட்டு வருடங்களாக எட்டக்கா முகம் பார்க்காமல் கால் பார்த்தே வாசிக்கிறார். கால் இழுத்தால் கொஞ்சம் தாமதிப்பார். கால் தயங்கினால் பிடித்துத் தூக்குகிற மாதிரி ஒரு சுரத்தை அழுத்துவார். கடைத்தெருவில் ஒரு பிள்ளை ஓடிவந்து வணக்கம் சொன்னால் விழிப்பார். பிறகு பார்வை கீழே போகும். "அட, நீயா! கட்டைவிரல் காயம் ஆறிடுச்சா?"

நாற்பத்து நான்கு வயது. கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. வகுப்பு நேரத்தில் பேச்சு குறைவு. இடைவேளையில் பிளாஸ்க்கைத் திறந்தால் டீயோடு அதுவும் வரும். "பதினெட்டு வருஷம் வாசிச்சிருக்கேன். ஒரு பாட்டையாவது கடைசி வரைக்கும் வாசிச்சு முடிச்சிருக்கேனான்னு கேளுங்க. நான் முடிக்கறதுக்குள்ள இவங்களுக்கு முட்டி வலிச்சிரும்." சொல்லிவிட்டு டீயை ஊதுவார். ஆறிப்போன டீயைத்தான்.

இந்த வருடம் அவர் ஒரு காரியம் செய்தார். ஊரின் மறுகோடியிலிருக்கும் இசைப் பள்ளியில் மாலை வகுப்பு ஒன்று உண்டு. பாடுகிறவருக்கும் வயலின்காரருக்கும் துணையாகப் பியானோ வாசிக்கப் பயிற்சி தருவார்கள். இரண்டு வருடம் படித்துச் சான்றிதழ் வாங்கினால் கச்சேரிகளில் உட்காரலாம். எட்டுக்கு அடங்காத மூச்சுக்கெல்லாம் வாசிக்கலாம். நாற்பத்தைந்து வயதாகிவிட்டால் சேர்க்க மாட்டார்கள். ஒவ்வொரு வருடமும் 'அடுத்த வருஷம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டவருக்கு இனி அடுத்த வருடம் இல்லை. நடனப் பள்ளியிலும் மாஸ்டர் பெரிய ஒலிபெருக்கி ஒன்று வாங்கி, பிரிக்காத பெட்டியோடு பியானோவின் மேல் வைத்திருக்கிறார். "சும்மா, விழாவுக்குத்தாம்மா" என்கிறார். பெட்டியின் நிழல் தாள்களின் மேல் விழுகிறது. எட்டக்கா தாளை நகர்த்திக்கொள்கிறார்.

சேர்க்கைக்கான ஆடிஷனுக்கு நான்கு உருப்படிகள் வேண்டும். பழைய காலத்து இரட்டைக் குரல் உருப்படி ஒன்று. சொனாட்டா என்கிற நீண்ட உருப்படியின் முதல் பகுதி ஒன்று. விரல் வேகம் காட்டும் பயிற்சி ஒன்று. நான்காவது, சொந்த விருப்பம். வரிசையும் நம் விருப்பம். ஆளுக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு, நடுவர்கள் எங்கே வேண்டுமானாலும் நிறுத்துவார்கள். ஆனால் நான்கிலும் கொஞ்சமாவது கேட்டாக வேண்டும், ஒன்று விடுபட்டாலும் மதிப்பெண் கிடையாது.

எட்டக்கா எந்த உருப்படியையும் அதன் பெயரால் சொல்வதில்லை. இரட்டைக் குரல் உருப்படி 'வாயாடிகள்'. வலது கை ஒன்று சொல்ல, இடது கை அதையே வக்கணை பேசித் திருப்பிச் சொல்கிறது. சொனாட்டா 'மாமனார்'. திமுதிமுவென்று மாடிப்படி ஏறி வருகிறது, வாசலில் நின்று தொண்டையைச் செருமுகிறது, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போகிறது. வேகப் பயிற்சி 'கொசு'. இந்த மூன்றையும் ஒரு வாரத்தில் முடிவு செய்துவிட்டார்.

நான்காவதில்தான் மாட்டிக்கொண்டார். ஒரு பக்கம் 'ராட்டினம்'. ஏழு பக்கம், சுழன்று சுழன்று மேலே போய்த் தலைகீழாக இறங்கும். கேட்பவர் வாய் பிளக்கும் சாதி. மறுபக்கம் 'ஈரத்துணி'. இரண்டே பக்கம். மெதுவானது. கொடியில் போட்ட துணி சொட்டுகிற மாதிரி, ஒரு சுரம் விழுந்து, இனி இல்லை என்று நினைக்கும்போது இன்னொன்று விழும். விரல் வித்தை எதுவும் அதில் கிடையாது. மூன்று வருடம் கற்ற பிள்ளை வாசித்துவிடும்.

ஒருமுறை வகுப்பில் இதை ஓட்டிப் பார்த்திருக்கிறார். அதன் வரிகள் எட்டில் முடிவதில்லை. ஏழில் முடிந்து அடுத்ததைத் தொடங்கிவிடுகின்றன. கம்பியைப் பிடித்திருந்த பிள்ளைகள் ஒற்றைக் காலைத் தூக்கியபடி எங்கே இறக்குவது என்று தெரியாமல் தடுமாறினார்கள். மாஸ்டர் தடியால் தட்டோ தட்டென்று தட்டினார்.

"எம்மா, பாதிப் பேருக்குக் கால் அந்தரத்துல நிக்குது! எறக்கி விடும்மா!"

"அதுவா எறங்கும், மாஸ்டர்."

"எப்ப? நாளைக்கா?"

அன்றிலிருந்து ஈரத்துணி பையின் அடியில் கிடந்தது. நான்காவதைத் தேடிப் பையைக் கவிழ்த்தபோது முதலில் வந்து விழுந்ததும் அதுதான்.

வீட்டில் பியானோ இல்லை. துணி தேய்க்கும் பலகையின் மேல் ஒரு மின்கீபோர்டு. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டுதான் பயிற்சி. ஆகையால் அந்த வீட்டில் யாரும் எந்த உருப்படியையும் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் பிளாஸ்டிக் கட்டைகள் தட்டுப்படும் 'டொக் டொக்' ஓசைதான். கணவரின் அக்கா, எட்டக்காவுக்கு நாத்தனார், கூடவே இருக்கிறார். அந்த டொக்கை வைத்தே விமர்சனம் செய்கிற அளவுக்கு அவர் தேர்ந்துவிட்டார்.

"இன்னிக்கு எலி கம்மியாத்தான் ஓடுச்சு."

"அது கொசு, அண்ணி."

"கொசுவுக்கு ஏம்மா இவ்ளோ சத்தம்? நேத்து ஒண்ணு தட்டினியே, யாரோ கதவ ஒடைக்கற மாதிரி. அது யாரு?"

"மாமனாரு."

"அதான பாத்தேன். எங்கப்பா மாதிரியே இருந்துச்சு" என்று நாத்தனார் மேசையிலிருந்த இசைத் தாள்களை அடுக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தட்டுகளைப் பரப்பினார். சாப்பிட்டு முடித்ததும் தட்டுகள் போய்த் தாள்கள் திரும்பி வரும். சில மாதங்களாக அந்த மேசையின் பிழைப்பு இதுதான்.

எட்டக்காவின் சித்தி மகள் அந்த இசைப் பள்ளியிலேயே பாடம் எடுக்கிறாள். பியானோ அல்ல, இசை இலக்கணம். தேர்வில் அவளுக்குப் பங்கில்லை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, தாள்களை விசிறி மாதிரி விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, அங்க வர்றதெல்லாம் பதினெட்டு, பத்தொம்பது வயசு. எல்லாம் ராட்டினந்தான் சுத்தும். ஒரு நாளைக்கு அதையே பத்து வாட்டி கேட்டு அவங்களுக்குத் தல சுத்திரும். நீயும் போயி அதையே சுத்தணுமா?"

"அப்ப ஈரத்துணியா?"

"ஐயோ, அது ரொம்ப லேசுக்கா. வேற ஒண்ணும் வராது போலன்னு நெனச்சிருவாங்க. நடுவுல ஏதாவது எடு."

"நடுவுல எடுத்து எடுத்துத்தானடி இந்த வயசாச்சு."

தங்கை பேச்சை வரிசைக்கு மாற்றினாள். "சரி, எதை வேணா எடு. கொசுவ மட்டும் முதல்ல அடிச்சிரு. கடைசில வெச்சு, நேரம் போயிருச்சுன்னா அதுதான் அடிபடும்."

"வெரல் சூடாகாம கொசு வராதுடி. காலைல முதல் வகுப்புல என் கையப் பாத்திருக்கியா? மரக்கட்ட."

"சொல்றத சொல்லிட்டேன்."

"கேக்கறத கேட்டுட்டேன்."

அவள் போன பிறகு எட்டக்கா ராட்டினத்தைத் தட்டினார். பிறகு ஈரத்துணி. பிறகு மறுபடி ராட்டினம். கணவர் மின்தூக்கி பழுது பார்ப்பவர். அன்று யாரோ நடுவில் மாட்டிக்கொண்டதால் விடுமுறையிலும் போய்விட்டு வந்திருந்தார். சட்டையில் கிரீஸ், கண்ணில் தூக்கம். சாய்வு நாற்காலியில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். எட்டக்கா ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"என்னங்க, எது?"

"எனக்கு என்ன தெரியும்? எல்லாம் ஒரே டொக்குதான்."

"சும்மாவாவது ஒண்ணு சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "ரெண்டாவதா ஒண்ணு தட்டினியே, மெதுவா. அதுல மட்டும் ஒன் தோள் எறங்கியிருக்கு. மத்ததுக்கெல்லாம் தோளு காதுகிட்ட நிக்குது, யாரோ அடிக்க வர்ற மாதிரி."

எட்டக்கா தன் தோளைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். ராட்டினத்தின் ஏழு பக்கத்தையும் மடித்து, ஆடுகிற மேசைக்கால் ஒன்றின் அடியில் முட்டுக் கொடுத்தார். மேசை அதன் பிறகு ஆடவில்லை.

வரிசையும் அன்றே முடிவாயிற்று. வாயாடிகள், மாமனார், ஈரத்துணி, கடைசியில் கொசு. ஈரத்துணியை ஏன் கொசுவுக்கு முன்னால் வைத்தார் என்று தங்கை தொலைபேசியில் கேட்டபோது விரல் சூடு என்றார். அது பாதி உண்மை. மீதியை நாத்தனாரிடம், பாத்திரம் துடைக்கிற சத்தத்துக்கு நடுவில் சொன்னார். "ரெண்டே பக்கந்தான் அண்ணி. நிறுத்தணும்னு அவங்களுக்குத் தோணறதுக்குள்ள முடிஞ்சிரும். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, யாராவது எதுக்க ஒக்காந்திருக்கும்போது கடைசிச் சுரம் வரைக்கும் போயிட்டு வந்துரலாம்."

"போயிட்டு வா. யார் வேணாங்கறா?" என்ற நாத்தனார் மறுநாள் ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்தார். கறுப்பு, மூடியது, விரல் பக்கம் இறுக்கம். "அங்க போயி அந்தத் தேஞ்ச செருப்போட நிக்காத. மானம் போகும்."

ஆடிஷன் நாள். வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். முழங்கால்களின் மேல் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து ராட்டினம் கேட்டது. அது முடிந்து அடுத்தவர் போனார். மறுபடி ராட்டினம். பக்கத்து நாற்காலி அம்மா எட்டக்காவிடம் குனிந்து, "உங்களுது பொண்ணா, பையனா?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

அந்த அம்மா தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, மகளுக்குக் கொடுக்காமல், தானே குடித்தார்.

உள்ளே மேடை ஒன்றும் இல்லை. மரத்தரை போட்ட நீள அறை, வால் நீண்ட பெரிய பியானோ, அதற்கு எதிரே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிய பெண்மணி, அவர்தான் தலைவர். ஒரு பக்கம் கடிகாரத்தைத் தன் முன்னால் நிறுத்தி வைத்திருந்த மனிதர். மறுபக்கம் பேனாவை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்த இளைஞர். எட்டக்கா வழக்கப்படி கீழே பார்த்தார். மேசைக்குப் பச்சைத் துணி விரித்திருந்தார்கள். அது தரை வரை தொங்கியது. ஒரு காலும் தெரியவில்லை.

முகங்களைப் பார்த்தார். மூன்று முகம், மூன்று கண்ணாடி. அதிலிருந்து என்ன தெரிந்துகொள்வது? இருட்டில் படியிறங்குவது போல இருந்தது.

வாயாடிகள் ஒரு பக்கம் சண்டை போட்டு முடிப்பதற்குள், "போதும்மா, அடுத்தது" என்றார் தலைவர். மாமனார் மாடியேறி வந்து முதல் தடவை தொண்டையைச் செருமியதும், "நன்றி. அடுத்தது." குரலில் கோபமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. காலையிலிருந்து அதையே சொன்ன குரல். அந்தக் களைப்பு மட்டும் எட்டக்காவுக்குப் பழக்கமானது. அதைக் கேட்டதும் ஏனோ கொஞ்சம் தைரியம் வந்தது.

குனிந்து வலது ஷூவைக் கழற்றினார். வெறும் பாதத்தைப் பெடலில் வைத்தார். சில்லென்று இருந்தது.

ஈரத்துணி சொட்டத் தொடங்கியது. ஒன்று. இடைவெளி. இன்னொன்று. 'போதும்' என்பதற்காக முதுகு காத்திருந்தது, வரவில்லை. முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தின் நடுவில், வலது கை மேலே ஏறி நின்று, இனி இறங்க வேண்டிய இடத்தில், மரத்தரையில் 'டக்' என்று ஒரு சத்தம்.

இளைஞரின் பேனா கீழே விழுந்திருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் எட்டக்காவின் கைகள் எழுந்துவிட்டன. எழுந்த கைகள் முதல் வரிக்குப் போய் இறங்கிவிட்டன. ஒன்று. இடைவெளி. இன்னொன்று. அப்போதுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. காது சூடாயிற்று. நடுவில் தாவி, விட்ட இடத்துக்குப் போகலாமா? அப்படித் தாவிப் பழக்கமில்லை. முதலிலிருந்து மட்டுமே தெரியும். நிறுத்தி மன்னிப்புக் கேட்கலாமா? கைகள் கேட்கவில்லை. எந்த நொடியும் அந்தக் குரல் வரும் என்று வாசித்துக்கொண்டே போனார். பக்கம் திரும்பிற்று. மேலே ஏறிய கை இந்தமுறை இறங்கியது. கடைசி வரி. கடைசிச் சுரம். பாதத்தை எடுக்காமல், அது தானாகத் தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போகும் வரை அழுத்தி வைத்திருந்தார்.

அறையில் ஒரு நாற்காலி முனகிற்று. கடிகாரத்துக்காரர் தலைவரின் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நேரம் முடிஞ்சிருச்சும்மா."

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குங்க. சின்னதுதான்."

"தெரியும்மா" என்றார் தலைவர். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னார். "நேரம் முடிஞ்சிருச்சு."

வலது ஷூவைக் கையில் பிடித்தபடி வெளியே வந்திருப்பதை வராந்தாவில்தான் கவனித்தார். பாட்டில் அம்மா ஷூவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி ஷூவைப் பார்த்தார்.

தேர்வானவர்கள் பட்டியலில் எட்டக்கா இல்லை. தங்கைதான் பார்த்துச் சொன்னாள். நான்கையும் கேட்காமல் மதிப்பெண் போட விதியில் இடமில்லையாம். "நான் சொன்னேன்லக்கா, கொசுவ முதல்ல அடின்னு" என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"விடுடி. கடைசில கொசுதான் கடிச்சிருச்சு" என்றார் எட்டக்கா.

வீட்டில் அன்று இரண்டு பேர் அவருக்காகக் கோபப்பட்டார்கள். "பேனாவ ஒழுங்கா பிடிக்கத் தெரியாதவனெல்லாம் மார்க்கு போட வந்துட்டான்" என்றார் நாத்தனார். கணவரின் கோபம் வேறு பக்கம் போயிற்று. "மத்ததுக்கெல்லாம் போதும் போதும்னு சொல்லத் தெரிஞ்சுதுல்ல? நீ மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சப்ப மட்டும் அந்தம்மா வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? அப்பவே நிறுத்தியிருந்தா கொசுவுக்கு நேரம் இருந்திருக்கும்ல? உக்காந்து வேடிக்க பாத்திருக்காங்க!"

எட்டக்காவுக்கும் அது புரியவில்லை. தவறு தன்னுடையது, அதில் சந்தேகம் கிடையாது. ஆனால் தவறைப் பார்த்துக்கொண்டே ஏன் சும்மா இருந்தார்கள்? கேலிக்காகவா? சோம்பலா? காலைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். "மூஞ்சியப் பாத்தா எனக்கு என்னங்க தெரியும்?" என்று மட்டும் சொன்னார். ஷூவைத் துடைத்து, வாங்கிய பெட்டியிலேயே போட்டு, பரணில் ஏற்றினார்.

மறுநாள் வகுப்பு. அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. வலது செருப்பு பியானோவின் அடியில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் ஒலிபெருக்கிப் பெட்டியைப் பியானோவின் மேலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்தார். இரண்டு நாள் கழித்து, அங்கே இடமில்லை என்று மறுபடி கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் முட்டி மடக்கினார்கள். யாருக்கோ கால் பிசகியது. டக். முதலிலிருந்து.

இடைவேளையில் டீ குடிக்கும்போது தோள்பட்டையைத் தேய்த்துவிட்டுக்கொள்வது புதிதாகச் சேர்ந்த பழக்கம். மற்றபடி எட்டக்காவிடம் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

பல வாரங்களுக்குப் பிறகு ஒரு மத்தியானம், பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றிக்கொண்டிருந்தபோது தங்கையின் அழைப்பு வந்தது.

"அக்கா, ஒண்ணு கேள்விப்பட்டேன். சொல்றதா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சிட்டு இருக்கேன்."

"சொல்லிட்டு யோசி."

"அந்தப் பேனாக்காரரு இருக்காருல்ல, எங்க ஸ்டாஃப் ரூம்லதான் சாப்பிடுவாரு. நீ எனக்கு அக்கான்னு அவருக்குத் தெரியாது. பேச்சுவாக்குல சொன்னாரு. பேனா உருண்டு மேசைக்கு அடியில போயிருச்சாம். எடுக்கக் குனிஞ்சாராம். குனிஞ்சவரு அப்படியே நின்னுட்டாராம்."

"ஏன்?"

"தலைவரம்மா செருப்ப விட்டுட்டு ஒக்காந்திருந்தாங்களாம். வெறுங்காலு. அந்தக் காலு தரைய அழுத்தறதும் எடுக்கறதுமா இருந்துச்சாம். நீ மறுபடி மொதல்லேர்ந்து வாசிக்கறதுக்குத் தகுந்த மாதிரியே, கடைசி வரைக்கும். கீழ யாரும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சிருப்பாங்க போல. பேனாவ எடுக்காமலே நிமிர்ந்துட்டேன்னாரு."

எட்டக்கா பிளாஸ்க் மூடியைப் பியானோவின் மேல் வைத்தார். கூடத்தில் மாஸ்டர் தடியால் ஒரு தட்டுத் தட்டினார். இடைவேளை முடிந்துவிட்டது. பிள்ளைகள் கம்பிக்கு ஓடினார்கள்.

"எந்தக் காலு?"

"என்னக்கா?"

"வலதா, இடதா?"

"அத எதுக்கு நான் கேக்கப் போறேன்? காலுன்னுதான் சொன்னாரு."

"கேட்டுச் சொல்லு."

"ஏன்க்கா? எதுவா இருந்தா என்ன?"

"கேட்டுச் சொல்லுடி."

அஞ்சு, ஆறு, ஏழு என்று மாஸ்டர் எண்ணிக்கொண்டிருந்தார். எட்டுக்குப் பியானோ வரவில்லை. மறுபடி எண்ண வேண்டியிருந்தது.

தங்கை மறுநாள் கேட்டுச் சொன்னாள். வலது கால்.